ஓடைக்கரையில் ஒரு ராத்திரி

சேலத்தில் நாமக்கல் பஸ் ஏறினால், இடது பக்கம் ஜன்னலோர சீட்டாகப் பார்த்துப் பிடியுங்கள். ஆண்டகளூர் கேட் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், கிழக்கே நீல நிறத்தில் ஒரு மதில் சுவர் கூடவே ஓடி வரும். கொல்லிமலை! அதை ரசித்துக்கொண்டிருக்கும்போதே கண்டக்டர், "புதுச்சத்திரம்லாம் எந்திரிச்சு வாங்க" என்று குரல் கொடுப்பார்.

சனிக்கிழமை காலை என்றால் இன்னொரு காட்சியும் உண்டு. பஸ்ஸை ஓவர்டேக் பண்ணிக்கொண்டு நாலைந்து கார்கள் பறக்கும். தலையில் மூட்டை முடிச்சு. மடக்கு டென்ட், படுக்கைப் பை, கறி சுட ஒரு கரி அடுப்பு. காரவல்லி அடிவாரம் போய், 70 கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றி மேலே ஏறி, சலசலக்கும் ஒரு ஓடைப் பக்கம் கூடாரம் அடித்து, நட்சத்திரத்தை எண்ணிக்கொண்டே தூங்குவது... அதுதான் திட்டம். நல்ல திட்டம்தான். யார் வேண்டாம் என்றார்கள்?

ஆனால், அவர்கள் நிற்காமல் கடந்து போகிற ஊரின் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். புதுச்சத்திரம். பெயருக்குள்ளேயே ஒரு ராத்தங்கல் இருக்கிறது!

நடந்தும் மாட்டு வண்டியிலும் பயணம் போன காலத்தில், பொழுது சாய்வதற்குள் ஒரு கூரைக்கு அடியில் போய்ச் சேருவதுதான் வழிப்போக்கனின் முதல் கவலை. அந்தக் கவலைக்கு நம் முன்னோர் கண்ட மருந்து சத்திரம். ஒரு திண்ணை, ஒரு கிணறு, நிழலுக்கு நாலு மரம், முடிந்தால் ஒரு வேளைச் சோறு. மதுரையில் 1689 முதல் 1706 வரை ஆட்சிப் பொறுப்பில் இருந்த ராணி மங்கம்மாளின் பெயர் இன்றுவரை நிலைத்திருப்பதற்கு, அந்த அம்மாள் போட்ட சாலைகளும் கட்டிய சத்திரங்களும் முக்கியக் காரணம். 'கூரை வேண்டாம், காட்டுக்குள் ஓடைக்கரையில் படுத்துக்கொள்கிறேன்' என்று எவனாவது அன்று கிளம்பியிருந்தால், 'ஏம்ப்பா, வீட்டுல ஏதாச்சும் சண்டையா?' என்றுதான் கேட்டிருப்பார்கள்.

ஆசைக்காகக் கூடாரத்தில் தூங்குவது என்பது நகரவாசிகள் கண்டுபிடித்த சமாச்சாரம். லண்டனில் தாமஸ் ஹிராம் ஹோல்டிங் என்று ஒரு தையற்காரர். சிறு பையனாக 1853-ல் ஒரு பெரிய வண்டிக் கூட்டத்தோடு அமெரிக்கச் சமவெளியைக் கடந்தவர். அந்த ருசி அவரை விடவில்லை. சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிற மாதிரி லேசான கூடாரம் தைத்தார். 1901-ல் சைக்கிள் முகாம்காரர்களுக்கு ஒரு சங்கம், 1908-ல் முகாமிடுவது எப்படி என்று ஒரு கையேடு. நடுவில் 1907-ல் பேடன் பவல் சுமார் இருபது பையன்களை பிரௌன்சி தீவுக்குக் கூட்டிப்போய்க் கூடாரம் அடித்தார். அதுதான் சாரணர் இயக்கத்தின் பிள்ளையார் சுழி.

இந்த ஆசை பிறப்பதற்கு நூறு வருடம் முன்பே நம் சேலம் சீமையில் கூடார வாழ்க்கை இருந்தது. ஆசைக்காக அல்ல. உத்தியோகத்துக்காக!

1792. ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த இடங்களில் பாராமகாலும் சேலமும் கம்பெனிக்குப் போயின. அலெக்ஸாண்டர் ரீட் கலெக்டர். அவருக்கு உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. சென்னை அண்ணா சாலைப் பக்கம் போனால், அங்கவடி இல்லாத குதிரையில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறாரே... அவரேதான்!

நிலத்தை அளக்க வேண்டும், வரி நிர்ணயிக்க வேண்டும். கோட்டைக்குள் உட்கார்ந்தபடி அது ஆகிற காரியமா? ஊர் ஊராகப் போனார்கள். 1799 வரை மன்றோவுக்கு இங்கே வேலை. தருமபுரியில் ஆசை ஆசையாக ஒரு தோட்டம் போட்டிருந்தார். ஆனாலும் பிழைப்பு என்னவோ நாடோடிப் பிழைப்புதான். காலையில் கண் விழித்தால் கூடார வாசலில் குடியானவர் கூட்டம் நிற்கும். வரப்புத் தகராறிலிருந்து வரி பாக்கி வரை அத்தனை பஞ்சாயத்தும் அங்கேதான். பிறகு 1800-ல் ராயலசீமைப் பக்கம் போன மன்றோ, அங்கேயும் வருடக்கணக்கில் கூடாரவாசிதான்.

இன்றைக்கும் தாலுகா ஆபீசில் போய்க் கேட்டால், "ஐயா கேம்ப் போயிருக்காரு" என்கிறார்களே... அந்த 'கேம்ப்'பின் பூர்வீகம் இதுதான். நாம் பேசுகிற 'முகாம்' என்ற சொல் அரபியிலிருந்து புறப்பட்டு உருது வழியாக நம்மிடம் வந்து முகாமிட்டது!

படிக்கும்போது ஜாலியாக இருக்கிறது, இல்லையா? கொஞ்சம் பொறுங்கள். அந்த ஓடைக்கரை ராத்திரிக்கு ஒரு விலை இருந்தது.

1802-ல் சென்னையில் கர்னல் லாம்டன் ஆரம்பித்து வைத்த மாபெரும் நில அளவைப் பணி, தெற்கையும் மேற்கையும் முடித்துக்கொண்டு வடக்கே நகர்ந்தது. அப்போது ஒரு இளம் அதிகாரி புதிதாக வந்து சேர்ந்தார். கிருஷ்ணா நதிக்கும் கோதாவரிக்கும் நடுவில் இருந்த அடர்ந்த காட்டுக்கு அவரை அனுப்பினார்கள். மழைக்காலம். காட்டில் கூடாரம். சில வாரங்களில் அவரையும் சேர்த்து ஏறக்குறைய 150 பேர் கொண்ட குழு முழுதும் காய்ச்சலில் விழுந்தது. ஹைதராபாத்திலிருந்து பல்லக்கு, டோலி, யானை என்று கிடைத்ததையெல்லாம் அனுப்பி அவர்களைத் தூக்கி வர வேண்டியிருந்தது. 15 பேர் பிழைக்கவில்லை. பிழைத்த அந்த அதிகாரி உடம்பைத் தேற்றிக்கொள்ளத் தென்னாப்பிரிக்காவுக்கே போனார். அவர் பெயர் ஜார்ஜ் எவரெஸ்ட். உலகின் மிக உயரமான சிகரத்துக்குப் பிற்பாடு பெயர் கொடுத்தவரை, அதற்கு முன்பே ஒரு காடு படுக்க வைத்திருக்கிறது!

'காட்டுக் காற்றில் விஷம்' என்றார் வெள்ளைக்காரர். 'மலைத் தண்ணி ஒத்துக்கலை' என்றார் நம்மவர். இரண்டு பேரும் குற்றவாளிக்குப் பக்கத்தில் வந்தார்கள். பிடிக்கவில்லை.

பிடித்தவர் ரொனால்ட் ராஸ். 1897-ல் லீவில் ஊட்டிக்கு வந்த அந்த ராணுவ டாக்டர், மலேரியாவை ஆராய சீகூர் மலைச்சரிவுக்கு இறங்கினார். ராத்திரி கொசுவலைக்குள்தான் படுத்தார். ஜன்னல்களையும் சாத்திக்கொண்டார். அப்படியும் வந்து இறங்கிய சில நாட்களில் அவருக்கே மலேரியா! அங்கேதான் சுவரில் ஒரு விசித்திரக் கொசு அவர் கண்ணில் பட்டது. சிறகில் புள்ளிகள், உட்கார்ந்திருந்த தினுசே வேறு. அதே வருடம் ஆகஸ்ட் 20-ம் தேதி, செகந்திராபாத்தில் அதே மாதிரி சிறகுப்புள்ளிக் கொசு ஒன்றின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902-ல் நோபல் பரிசு.

அனாபிலிஸ் இனத்தில் பல வகைக் கொசுக்கள். மலையும் மலையடிவாரமும் சார்ந்த வகை ஒன்றுக்கு 'ஃப்ளூவியாட்டிலிஸ்' என்று பெயர். லத்தீனில் 'ஆற்றைச் சேர்ந்தது' என்று அர்த்தம். சாக்கடை அதற்கு ஆகாது. புல் முளைத்த கரையோரம் மெதுவாக நகரும் சுத்தமான ஓடைத் தண்ணீரில்தான் முட்டையிடும். ராத்திரியில் வெளியே வந்து கடிக்கும். அதாவது, எந்த இடத்தைப் பார்த்து 'ஆஹா, கூடாரம் அடிக்க இதைவிட நல்ல இடம் உண்டா!' என்று நாம் சொக்கிப்போகிறோமோ, கச்சிதமாக அதே இடம்!

கொல்லிமலைக்காரர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. அந்த மலையில் ஒரு பாவை இருப்பதாகச் சங்க காலத்திலிருந்தே கதை வழங்குகிறது. அழகென்றால் அப்படியொரு அழகு. சிரித்து மயக்கி, கிட்டே வந்தவனைக் கொன்றுவிடுவாளாம். மலேரியாவுக்கு இதைவிடப் பொருத்தமான உருவகம் யாருக்குக் கிடைக்கும்? 1953-ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் வந்து, டி.டி.டி. மருந்தை வீடு வீடாக அடிக்க ஆரம்பித்த பிறகுதான் நம் நாட்டு மலையடிவாரங்கள் பலவற்றில் மனிதர்கள் பயமில்லாமல் கண் அயர முடிந்தது. நாம் இன்று ஓடைக்கரையில் படுப்பது, அந்த மருந்துத் தெளிப்பான்களை முதுகில் சுமந்து நடந்தவர்கள் கொடுத்த வரம்.

சுமந்தவர்கள் என்றதும் இன்னொரு விலையும் ஞாபகத்துக்கு வருகிறது.

துரைமார் கூடாரம் தானாக நடந்து போகுமா? பிரித்துக் கட்ட, சுமக்க, அடுத்த ஊரில் மறுபடி அடிக்க ஆள் வேண்டும். விறகு, வைக்கோல், பால், கோழி எல்லாம் வேண்டும். கூடாரம் போன ஊர்தான் கொடுக்க வேண்டும். பல இடங்களில் கூலி கிடையாது. வெட்டி வேலை!

இதற்கு ஒருநாள் முடிவு கட்டினார்கள். டாக்டர் ராஸ் பிறந்த ஊர் இமயமலைப் பக்கத்து அல்மோரா. அந்த வட்டாரத்தில், சரயு நதியும் கோமதி நதியும் கூடுகிற கரையில் பாகேஷ்வர் என்ற ஊர். 1921 ஜனவரி. நமக்குப் பொங்கல், அவர்களுக்கு உத்தராயணத் திருவிழா. பத்ரி தத் பாண்டே போன்ற தலைவர்களின் அழைப்பில் ஆயிரக்கணக்கில் மலைவாசிகள் திரண்டார்கள். 'இனி துரைமார் மூட்டையைச் சும்மா தூக்க மாட்டோம்' என்று சத்தியம் செய்தார்கள். எந்த ஊரில் எவன் எப்போது சுமக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்த பதிவேடுகளை, ஊர்த் தலைவர்களே கொண்டுவந்து சரயு நதியில் வீசினார்கள். கூடாரத்தின் சரித்திரத்தில் நதிக்கரை கொடுத்த அருமையான பதிலடி அது!

'கொசுவுக்கு களிம்பு இருக்கு, சுமக்க கார் இருக்கு... இப்போ என்ன விலை?' என்று கேட்கிறீர்களா?

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ட்ரெக்கிங் போனவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் கூடாரத்தில் தங்கிய ஒரு பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில், குளித்துக்கொண்டிருந்த கூட்டத்தின் மேல் திடீரென்று வெள்ளம் பாய்ந்ததில் 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டான். மலை ஓடைக்கு ஒரு குணம் உண்டு. நம் தலைக்கு மேலே வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். மலை உச்சியில் கொட்டிய மழை சத்தமில்லாமல் இறங்கி வந்துகொண்டிருக்கும். தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால், அடுத்த நிமிஷம் கரையேறிவிட வேண்டும். ஓடைப் படுகையில் வெள்ளை மணல் மெத்தை மாதிரி கிடக்கிறதே, அது ஓடை படுக்கிற இடம். நாம் படுக்கிற இடம் இல்லை!

குரங்கணிக்குப் பிறகு, மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு அதே வருடம் விதிகள் கொண்டு வந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை அறிவித்து, முறையாகப் பதிவு செய்துகொண்டு போக வழி பண்ணியது. வழிகாட்டிகள், காட்டை ஒட்டி வாழ்கிற ஊர்களின் இளைஞர்கள். சம்பளத்துக்கு! சரயு நதியில் மிதந்து போன பதிவேடுகளை நினைத்துக்கொண்டால், இது எத்தனை பெரிய தூரம் என்று புரியும்.

கடைசியாக, மன்றோவிடம் வருவோம். சென்னை மாகாண கவர்னராக உயர்ந்து, ஊருக்குத் திரும்ப நாள் பார்த்திருந்த நேரம். 1827-ல், தன் பழைய ஜனங்களிடம் விடைபெற்று வரலாம் என்று ராயலசீமைக்குப் புறப்பட்டார். முகாமில் காலரா புகுந்தது. ஜூலை 6-ம் தேதி பத்திகொண்டாவில் காலையில் காலரா கண்டு, ராத்திரிக்குள் உயிர் பிரிந்தது. காலரா குடிதண்ணீர் வழியே பரவுகிறது என்று லண்டனில் ஜான் ஸ்னோ எடுத்துக்காட்டியது 1854-ல்தான். பாதி வாழ்க்கையைக் கூடாரத்தில் கழித்தவருக்கு, முடிவும் முகாமில்தான்.

அவர் ஞாபகமாகப் பத்திகொண்டாவில் ஒரு கிணறு வெட்டி, தோப்பு வைத்தார்கள். உடலை முதலில் அடக்கம் செய்த குத்தி என்ற ஊரில் என்ன கட்டினார்கள் தெரியுமா?

ஒரு சத்திரம்!

வழிப்போக்கனுக்கு நல்ல தண்ணீர், நிழல், ஒரு கூரை. ஒரு கூடாரவாசிக்கு இதைவிட நல்ல நினைவுச் சின்னம் இருக்க முடியாது. அடுத்த முறை காரின் தலையில் டென்ட்டைக் கட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பும்போது, புதுச்சத்திரத்தில் ஒரு நிமிஷம் வண்டியை ஓரங்கட்டுங்கள். டீ குடியுங்கள். ஊர்ப் பெயர் எழுதிய பலகையை ஒரு முறை நிதானமாகப் படித்துவிட்டு, பிறகு மலையேறுங்கள்.