கொய்னா அணையும் பூமி அதிர்ந்த கணக்கும்

அணை என்று பேச்சு வந்தால் நாம் முதலில் கேட்பது, "எத்தனை அடி தண்ணி நிக்குது?" என்றுதான். இந்தக் கதையிலும் அந்தக் கணக்கு உண்டு. பக்கத்திலேயே இன்னொரு கணக்கும் வரும்: பூமி எத்தனை தடவை அதிர்ந்தது என்பது.

மகாராஷ்டிரத்தில் சதாரா மாவட்டத்து மலைகளுக்கு நடுவே ஓடுவது கொய்னா ஆறு. அதன் குறுக்கே 103 மீட்டர் உயர அணையைக் கட்டி, 1960களின் தொடக்கத்தில் தண்ணீரைத் தேக்கினார்கள். சீக்கிரமே சுற்றுப்புற ஜனங்களுக்குக் காலடியில் உறுமலும் நடுக்கமும். தக்காணம் பழைய கெட்டிப் பாறையாயிற்றே, பெரிய பூகம்பம் வராது என்று விஞ்ஞானிகள் பலரும் நம்பியிருந்த காலம் அது. ஆனாலும் 1963 வாக்கில் அங்கே பூகம்பமானிகளை வைத்தார்களே, அது பெரிய காரியம்.

அதிர்வு வந்தால் பூமிக்குள் இரண்டு விதமான அலைகள் புறப்படும். ஒன்று முந்தி வரும், மற்றது பிந்தி வரும். மின்னல் வெட்டியதும் எண்ண ஆரம்பித்து, இடி எவ்வளவு தூரத்தில் என்று மதிப்புப் போடுகிறோமில்லையா? ஏறக்குறைய அதே கணக்குதான் இதுவும். ஒரு கருவி தூரத்தைச் சொல்லும். மூணு நாலு கருவிகள் சேர்ந்தால் இடமே தெரிந்துவிடும்.

1967 செப்டம்பரில் ஓர் அதிர்வு பலமாகவே வந்தது. அப்புறம் டிசம்பர் 11, விடியற்காலை 4 மணி 21 நிமிடம். ஜனங்கள் நல்ல தூக்கத்தில் இருந்த நேரம். ரிக்டர் அளவில் 6.3. கொய்னா நகரில் பெரும்பாலான வீடுகள் பாழாயின. ஏறத்தாழ 200 பேர் மாண்டார்கள். அணையில் வெடிப்பு விழுந்தது, ஆனால் உடையவில்லை. பிற்பாடு அதைப் பலப்படுத்தினார்கள்.

பதிவேடுகளையும் தண்ணீர் மட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் துலங்கியது. மழைக்காலத்தில் நீர் ஏறியபின் செப்டம்பர் வாக்கிலும், மறுபடி டிசம்பர் வாக்கிலும் அதிர்வுகள் கூடுகின்றன. மட்டம் வேகமாக ஏறினாலும், உச்சத்திலேயே ரொம்ப நாள் நின்றாலும் ஆபத்து அதிகம்.

கோடை முழுக்க அசையாமல் நின்ற கிணற்றுக் கரை, மழை ஊறினதும் பொத்தென்று சரியறதைப் பார்த்திருப்பீங்க. பாறைப் பிளவிலும் அப்படித்தான். மேலே நீரின் பாரம் அழுத்துகிறது. உள்ளே இறங்கிய நீர், பாறைகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியைத் தளர்த்துகிறது. நீர் ஆழத்துக்குப் போகக் காலம் பிடிப்பதால்தான் இந்தத் தாமதம். ஆனால் பாறை முன்பே இறுகி, நழுவத் தயாராக இருந்திருக்க வேண்டும். எல்லா அணைகளிலும் இது நடப்பதில்லை. ஊரில் சிலர் அணை என்றாலே பூகம்பம் என்று பயமுறுத்துவார்கள், அது சரியல்ல.

தெற்கே வார்ணா அணையில் 1985 முதல் நீர் தேக்கினார்கள். 1990களில் அதிர்வுகள் அந்தப் பக்கமாகவும் நகர்ந்தன. நாள் குறித்துச் சொல்லும் வித்தை இன்னும் கைகூடவில்லை. அதனால் பிளவைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கவே, 2017 வாக்கில் அங்கே 3 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டார்கள். நம்ம ஆழ்குழாய்க் கிணறு 1000 அடி போனாலே வாயைப் பிளக்கிறோம். இது ஏறக்குறைய 10,000 அடி.