தேவாங்கு அட்டைப் புத்தகம்

யூனிக்ஸ் கணினிகளோடு மல்லுக்கட்டிய தலைமுறைக்கு அந்தப் புத்தகத்தின் பெயருக்கு முன்னால் அட்டைதான் நினைவுக்கு வரும். வெள்ளைத் தாளில், பழங்காலச் செதுக்குப் படமாக, கண்ணை உருட்டிக்கொண்டிருக்கும் தேவாங்கு. 'செட் அண்ட் ஆக்' என்ற அந்த நூலை டேல் டோஹர்ட்டி எழுத, ஓரைலி நிறுவனம் 1990இல் வெளியிட்டது. செட், ஆக், விஐ என்ற யூனிக்ஸ் பெயர்களைக் கேட்ட வடிவமைப்பாளர் ஈடி ஃப்ரீட்மனுக்கு அவை ஏதோ விநோத மிருகங்களின் பெயர்களாகத் தோன்றின. பத்தொன்பதாம் நூற்றாண்டு விலங்குப் படங்களைத் தேடி எடுத்து அட்டைகளில் வைத்தார். இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் ஒரு பிராணி அமெரிக்க நிரலர்களின் மேசைக்குக் குடியேறியது இப்படித்தான். முழிப்பவனைத் திட்டுவதற்கு மட்டும் அதன் பெயரை எடுத்துக்கொண்டிருந்த நம் ஊரில், அதற்கென்று கடவூர்க் காட்டில் ஒரு சரணாலயம் 2022இல்தான் வந்தது.

டிம் ஓரைலி 1978இல் தொடங்கியது பதிப்பகமே இல்லை. கணினி நிறுவனங்களுக்குக் கூலிக்குக் கையேடு எழுதித் தரும் தொழில். 1980களின் நடுவில், எழுதித் தந்த கையேடுகளின் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, மெல்லிய புத்தகங்களாக விற்கத் தொடங்கினார்கள். தேவாங்குப் புத்தகம் அந்த வரிசையில் வந்தது. செட், ஆக் இரண்டும் 1970களில் பெல் ஆய்வகத்தில் பிறந்த சின்னக் கருவிகள். ஒன்று கோப்பை வரிவரியாகப் படித்து வெட்டி ஒட்டும். மற்றது வரியைப் பத்திகளாகப் பிரித்துக் கணக்குப் போடும். புத்தகத்தின் பிற்பகுதியில் ஒரு நிரல் உண்டு. நூலின் கடைசியில் வரும் சொல்லடைவைத் தொகுத்து அச்சுக்கு ஏற்ற வடிவில் தருவதற்கான நிரல் அது. பதிப்பகத்துக்காரர் தன் பட்டறைக் கருவியையே பாடமாக வைத்துவிட்டார்.

புத்தகம் காகிதத்தை விட்டு வெளியேறியதற்கான காரணமும் அதே பட்டறையில்தான் இருக்கிறது. 1991இல் ஓரைலியும் ஹால் கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனமும் சேர்ந்து டாக்புக் என்ற குறியீட்டு முறையை உருவாக்கின. இந்த வரி தடித்த எழுத்தில், இத்தனை புள்ளி அளவில் என்று எழுதி வைப்பதற்குப் பதிலாக, இது தலைப்பு, இது கட்டளை, இது நிரல்துண்டு என்று அடையாளம் இட்டு வைப்பது. எப்படித் தெரிய வேண்டும் என்பதைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம். இப்படி வைத்திருக்கும் பிரதியை அச்சுக்கும் அனுப்பலாம், குறுந்தகட்டிலும் போடலாம், உலாவியிலும் காட்டலாம். 1990களின் இறுதியில் ஆறேழு புத்தகங்களை ஒரே குறுந்தகட்டில் அடைத்து விற்றார்கள். அந்த வியாபாரம் ரொம்ப நாள் நிற்கவில்லை.

2001இல் ஓரைலியும் பியர்சனும் கூட்டுச் சேர்ந்து சஃபாரி என்ற இணைய நூலகத்தைத் திறந்தன. அடிசன்-வெஸ்லி, பிரென்டிஸ் ஹால் இரண்டும் பியர்சனின் பதிப்பகங்கள். ஆக் மொழியை உருவாக்கிய ஆஹோ, வெயின்பெர்கர், கெர்னிகன் மூவரும் 1988இல் எழுதிய நூல் அடிசன்-வெஸ்லியுடையது. கடையில் போட்டி போட்டவர்கள் இப்போது ஒரே கூரைக்குக் கீழே.

அந்த ஆரம்பகால சஃபாரியின் விதிகள் இன்று வேடிக்கையாகத் தெரியும். சந்தா கட்டினால் உங்களுக்கு ஒரு அலமாரி. அதில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இடங்கள். விரும்பிய புத்தகத்தை எடுத்து வைக்கலாம். வைத்துவிட்டால் 30 நாள் கழியும்வரை இறக்க முடியாது. மின்பிரதிக்கு இடம் அடைக்கும் தொல்லையே இல்லை. இருந்தும் மரப்பலகைக்கு உள்ள நெருக்கடியைச் செயற்கையாக உண்டாக்கினார்கள். இல்லையென்றால் ஒரே மாதத்தில் ஐம்பது புத்தகத்தையும் புரட்டிவிட்டு ஆள் போய்விடுவான் என்ற பயம். ஆனால் தேடல் வசதி மட்டும் எல்லாப் புத்தகத்துக்கும் திறந்திருந்தது, அதுதான் ஆளை இழுத்தது. ஒரு பிழைச்செய்தியை அடித்தால் அதைப் பேசும் எல்லாப் பக்கங்களும் வரிசை கட்டி நிற்கும். பிறகு கட்டுப்பாடில்லாத சந்தா வந்து அலமாரி முறையே ஒழிந்தது.

இதே காலத்தில் காகிதத் தேவாங்கு வேறொரு திக்கில் பயணம் போய்க்கொண்டிருந்தது. மும்பையின் ஷ்ராஃப் பதிப்பகம் ஓரைலி நூல்களை இந்தியாவில் மறுஅச்சு செய்து, அமெரிக்க விலையில் ஒரு பங்குக்கு விற்றது. இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டுமே விற்பனைக்கு என்று அட்டையிலேயே எச்சரிக்கை இருக்கும். தாள் சுமார்தான். மூலப் பதிப்பைப் போல மேசையில் விரித்துவைத்தால் விரித்தபடி கிடக்கும் கட்டு எல்லாவற்றுக்கும் அமையவில்லை. ஆனாலும் சென்னையிலும் பெங்களூரிலும் நிரல் பழகிய பலருக்கு ஓரைலி என்றால் ஷ்ராஃப் பதிப்புதான்.

'இங்கே மட்டும்' என்ற அந்த முத்திரைக்கு எவ்வளவு பலம் என்ற கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. சுபாப் கிர்ட்சாங் என்ற தாய்லாந்து மாணவர், ஊரில் மலிவாகக் கிடைத்த வைலி நிறுவனத்தின் பாடநூல் பதிப்புகளை உறவினர்கள் மூலம் வரவழைத்து அமெரிக்காவில் விற்றார். நடுவர் குழு 6,00,000 டாலர் இழப்பீடு விதித்தது. 2013இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அதைத் தள்ளியது. உரிமையாளரின் அனுமதியோடு அச்சான பிரதி எந்த நாட்டில் விற்கப்பட்டிருந்தாலும், வாங்கியவர் அதை மறுபடி விற்கலாம் என்பது தீர்ப்பு. காகிதத்தோடு வரும் இந்த உரிமை சந்தாவில் எழவே எழாது. மறுபடி விற்கக் கையில் ஏதும் இருந்தால்தானே?

2014இல் பியர்சனின் பங்கை வாங்கிச் சஃபாரி முழுவதையும் ஓரைலி தன்னுடையதாக்கிக்கொண்டது. 2017 ஜூனில் தன் இணையக் கடையில் புத்தகங்களைத் தனித்தனியாக விற்பதை நிறுத்தியது. அச்சு நூல் வேண்டுமா, அமேசானில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். இந்தக் கதையில் எனக்கு உறுத்துவது இந்த இடம். காகிதமா சந்தாவா என்று இன்று வாதிடுகிறவர்கள், நடுவில் இருந்த மூன்றாவது வழியை மறந்துவிடுகிறார்கள். ஓரைலி தன் மின்னூல்களைப் பூட்டு ஏதுமில்லாமல் விற்ற பதிப்பகம். ஒருமுறை பணம் கட்டினால் கோப்பு உங்கள் வட்டில் இருக்கும். எந்தக் கருவியிலும் திறக்கும். பதிப்பகத்தார் பூட்டின்றி விற்றால் திருட்டு பெருகும் என்று அலறிய காலத்தில் அதைத் துணிந்து செய்தார்கள். அந்தக் கடையைச் சாத்தியதற்குக் கணக்குப்பிள்ளை நியாயம் இருக்கலாம், வாசகனுக்கு நியாயம் எதுவும் எனக்குப் படவில்லை.

சஃபாரி என்ற பெயரும் பிறகு போய், ஓரைலி இணையக் கற்றல் என்றாயிற்று. தனிநபர் சந்தா ஆண்டுக்கு 499 டாலர். நம் பணத்தில் நாற்பதாயிரத்துக்கு மேல். இந்திய மறுஅச்சு இருபதாவது வாங்கிவிடலாம். அந்தச் சந்தாவைத் தன் கைக்காசில் கட்டுகிறவர் இங்கே குறைவு. பெரும்பாலும் அலுவலகம் கட்டும், அல்லது பல்கலைக்கழக நூலகம் கட்டும். வேலை மாறும் நாளில் நூலகம் மூடும். ஓரத்தில் எழுதிய குறிப்பும் சேர்ந்து போகும். எழுத்தாளருக்கும் கணக்கு மாறியது. விற்ற பிரதிக்கு இத்தனை என்பது போய், எவ்வளவு படிக்கப்பட்டது என்பதைப் பொறுத்து மேடையின் வருமானத்தில் பங்கு. விற்றுவிட்டு மறக்கப்படும் தடித்த நூலை எழுதியவருக்கு இது நஷ்டம். பல ஆண்டுகளாகத் திறந்து திறந்து பார்க்கப்படும் நூலுக்கு நியாயமான கூலி என்றும் சொல்லலாம்.

சந்தாவைக் குறை சொல்வதற்கில்லை. இணையதளத்துக்கான நிரல் சட்டகங்கள் ஒவ்வொரு பதிப்பிலும் தலைகீழாக மாறுகின்றன. அவற்றைப் பற்றிய புத்தகம் அச்சாகி இங்கே வந்துசேர்வதற்குள் பாதி காலாவதி. மேகக்கணினிச் சேவைகளைப் பற்றிய நூல்களின் கதி இதைவிட மோசம். அதில் காட்டியிருக்கும் திரையே இப்போது இருக்காது. அவற்றைக் காசு கொடுத்து வாங்கிப் பரணில் ஏற்றுவதில் அர்த்தமில்லை. மூன்று மாதம் சந்தா கட்டிப் பத்து நூல்களில் வேண்டிய அத்தியாயத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடலாம்.

தேவாங்குப் புத்தகம் அந்த ஜாதி இல்லை. ஆர்னல்ட் ராபின்ஸ் சேர்ந்து எழுதிய இரண்டாம் பதிப்பு 1997இல் வந்தது. மூன்றாவது வரவில்லை, அவசரமும் எழவில்லை. அதிலுள்ள கட்டளைகளை இன்றைய லினக்ஸ் கணினியில் தட்டினால் பெரும்பாலும் அப்படியே ஓடும். ஆக் மொழியைப் படைத்த மூவரின் நூலுக்கு இரண்டாம் பதிப்பு 35 ஆண்டுகள் கழித்து 2023இல் வெளிவந்தது. புதிதாகச் சேர்ந்தவற்றில் முக்கியமானவை இரண்டு: காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்புகளைப் படிக்கும் வசதி, யூனிகோட். பழைய ஆக்கிடம் ஒரு தமிழ்ச் சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைட்டுகளை எண்ணி மும்மடங்கு சொல்லும். இப்போது யூனிகோட் குறிகளை எண்ணுகிறது. அந்த நூல் சந்தா மேடையிலும் கிடைக்கிறது. நான் அச்சில் வாங்கினேன்.