வழவழப்பா, சொரசொரப்பா? பல் இம்ப்ளான்ட்டின் மேற்பரப்பு வரலாறு

உங்க வீட்ல யாராவது பல் இம்ப்ளான்ட் வெச்சிருந்தா ஒண்ணு கவனிச்சிருப்பீங்க. தாடை எலும்புல ஸ்க்ரூ மாதிரி ஒண்ணைப் பொருத்திட்டு, "சில வாரம் கழிச்சு வாங்க, அப்புறம்தான் பல்லு"ன்னு டாக்டர் அனுப்பிடுவார். எலும்பு அந்த ஸ்க்ரூவைக் கெட்டியாப் பிடிச்சுக்கிற வரைக்குமான காத்திருப்பு அது. ஒரு காலத்துல அது ஆறு மாசம்கூட ஆகும். அதை எப்படிக் குறைச்சாங்க? இன்னைக்கு அந்தக் கதைதான்.

முதல்ல ஒரு முயல். 1952-ல ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பேர்-இங்வர் ப்ரோனமார்க் என்ற இளம் ஆய்வாளர், எலும்பு மஜ்ஜைக்குள்ள ரத்தம் எப்படி ஓடுதுன்னு பார்க்க ஆசைப்பட்டார். டைட்டானியத்தால் ஆன ஒரு குட்டிக் கருவியை முயலின் கால் எலும்புக்குள் வைத்து, அது வழியா மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். ஆராய்ச்சி முடிந்தது. கருவி விலை அதிகம், அடுத்த முயலுக்கும் வேணும். எடுக்கப் பார்த்தா வரல. எலும்பு அதோட ஒட்டி வளர்ந்திருந்தது.

இதைப் பார்த்த முதல் ஆள் அவர்தான்னு பல இடத்துல சொல்வாங்க. அது சரியில்ல. டைட்டானியத்தை எலும்பு ஏத்துக்குதுன்னு 1940-லேயே பூனைகள்ல பார்த்து எழுதியிருக்காங்க. 1951-ல லெவந்தால்ங்கிற அமெரிக்க டாக்டர் எலிகளிடம் இதையே பதிவு செஞ்சார். ஆனா அதை விடாம துரத்தினவர் ப்ரோனமார்க்.

1965-ல கோத்தன்பர்க் நகரத்தில், பிறவியிலேயே அண்ணப் பிளவும் தாடைக் குறைபாடும் கொண்ட ஒருவரின் கீழ்த்தாடையில் நாலு டைட்டானியம் ஸ்க்ரூக்களை வைத்தார். கீழ்த்தாடையில பல்லே இல்லாத மனுஷன் அவர். அன்றைய பல் மருத்துவர்கள் பலர் இதை நம்பவே இல்லை. உலோகத்தைச் சுத்தி நார் மாதிரி ஒரு மெல்லிய திசு வளரும், எலும்பு நேரடியா ஒட்டாதுங்கிறதுதான் அப்போதைய பாடம். ப்ரோனமார்க் குழு தங்களோட பத்து வருஷ முடிவுகளை 1977-ல வெளியிட்டது. 1982-ல டொரன்டோ மாநாட்டுக்குப் பிறகுதான் வட அமெரிக்கா முழுசா திரும்பிப் பார்த்தது.

அந்த ஸ்க்ரூக்கள் லேத்தில் கடைந்தெடுத்தவை. கண்ணுக்கு வழவழன்னு இருக்கும். பூச்சு எதுவும் கிடையாது. காத்துல பட்டதுமே டைட்டானியத்து மேல தானா உருவாகுற, சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு படலம் மட்டும்தான். ஆனா கீழ்த்தாடைக்கு மூணு மாசம், மேல்தாடைக்கு ஆறு மாசம் காத்திருக்கணும்.

இன்னொரு பக்கம் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் ஆந்த்ரே ஷ்ரோடர் வேற மாதிரி யோசிச்சார். உருகிய டைட்டானியத் துகள்களைப் பிளாஸ்மா சூட்டில் தெளித்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினார். அந்தச் சொரசொரப்பிலும் எலும்பு நேரடியா ஒட்டுவதை 1976-ல காட்டினார்.

அப்புறம் வந்ததுதான் எல்லாருக்கும் பிடிச்ச ஐடியா. எலும்புல இருக்கிற கனிமம் ஹைட்ராக்ஸிஅபடைட்டுக்கு நெருங்கின உறவு. அதையே பூசிட்டா எலும்பு ஏமாந்துடாதா? 1980-களில் ஏறக்குறைய ஒரு தலைமுடி தடிமனுக்கு அந்தப் பூச்சைப் பிளாஸ்மாவால் தெளித்தார்கள். எலும்பும் சட்டுன்னு ஒட்டிச்சு. சந்தோஷம்தான். பிரச்சனை எங்கன்னா, தெளிக்கிறப்போ ஏறுற சூட்டில் அதன் படிக அமைப்பு கொஞ்சம் கெட்டுப்போகும். கெட்ட பகுதி உடம்புக்குள்ள கரையும். இதுல இன்னொரு பலவீனமும் இருக்கு. எலும்பு பூச்சை உடும்பா பிடிச்சிருக்கும், ஆனா பூச்சு உலோகத்தை அந்த அளவுக்குப் பிடிச்சிருக்காது. பூசின எல்லா இம்ப்ளான்ட்டும் தோத்துடுச்சுன்னு சொல்ல முடியாது. நல்லா ஓடினவையும் இருக்கு. ஆனா சந்தேகம் விழுந்துடுச்சு.

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பரிசோதனை. 1991-ல டேனியல் பூசரும் அவரது சகாக்களும் குட்டைரகப் பன்றிகளின் எலும்பில் ஆறு விதமான மேற்பரப்புகளைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாங்க. பளபளன்னு மெருகேற்றினதுல எலும்பு தொட்டது 20 முதல் 25 சதவீதம். ஷ்ரோடர் பாணிப் பிளாஸ்மா டைட்டானியம் 30 முதல் 40. ஹைட்ராக்ஸிஅபடைட் பூச்சு 60 முதல் 70, அதுதான் முதல் இடம். இரண்டாம் இடம் எதுக்குத் தெரியுமா? பூச்சே இல்லாத ஒண்ணுக்கு. பெரிய துகளால மணல் வீசி அரிச்சு, அப்புறம் ஹைட்ரோகுளோரிக், சல்ஃபியூரிக் அமிலங்கள்ல முக்கி எடுத்த டைட்டானியம். 50 முதல் 60 சதவீதம்.

முதல் இடம் பிடிச்சதைத் தேர்ந்தெடுக்கலாமே? ஆனா அந்தப் பூச்சு தேயற அடையாளம் தொடர்ந்து தெரிஞ்சது. இரண்டாம் இடத்துக்காரர்கிட்ட உரிஞ்சு வர ஒண்ணுமே இல்ல. மேல பூசாம, உலோகத்தையே செதுக்கினதுதான் காரணம். 1990-களின் கடைசியில அந்த வகை சந்தைக்கு வந்தது. நல்ல எலும்பா இருந்தா மூணு மாசக் காத்திருப்பு ஆறு வாரமாச்சு.

சொரசொரப்பு ஏன் உதவுது? ஆபரேஷன் முடிஞ்சதும் முதல்ல அங்க வர்றது ரத்தம். அது உறையும்போது ஃபைப்ரின் இழைகள் வலை மாதிரி பின்னும். வழவழப்பான பரப்புல அந்த வலை சுலபமா நழுவிடும். குழிகள் இருந்தா பற்றிக்கும். எலும்பு உருவாக்கும் செல்கள் அந்த இழைகளைப் பிடிச்சு நடந்து வந்து, உலோகத்து மேலேயே புது எலும்பைப் போட ஆரம்பிக்கும். அதுக்காக ரொம்பச் சொரசொரப்பாவும் வைக்க முடியாது. ஈறு விலகி அந்தப் பரப்பு வெளிய தெரிஞ்சா பாக்டீரியாவும் அதே குழிகள்ல குடியேறும். அதனால இப்போ எல்லாரும் ஒண்ணு ரெண்டு மைக்ரான் அளவுல நிக்கிறாங்க.

கடைசியா அந்த 1965 நோயாளி. அவர் 2006-ல இறந்தார். நாற்பது வருஷத்துக்கு மேல ஆகியும், லேத்தில் கடைஞ்ச அந்தப் பழைய ஸ்க்ரூக்கள் அவர் தாடையில வேலை செஞ்சுக்கிட்டேதான் இருந்தது.