குரல்களின் பெயரால் காலங்கள்

பிளாக் ஸாபத் குழுவின் சிறந்த காலம் எது என்ற சச்சரவு 1980ல் ஆரம்பித்தது, இன்னும் ஓயவில்லை. ஓஸி ஆஸ்பார்ன் பாடிய காலமா, ரோனி ஜேம்ஸ் டியோ பாடிய காலமா? ஹெவி மெட்டல் ரசிகர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்றதை மறுப்பதையே தங்கள் ரசனையின் அடையாளமாக வைத்திருக்கிறார்கள். இதை ரசிக ஆவேசம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஒரு சிருஷ்டியை அதன் ஆதியை வைத்து மதிப்பதா, அது அடைந்த தேர்ச்சியை வைத்து மதிப்பதா என்பதுதான் அடியில் கிடக்கும் கேள்வி. இலக்கியத்தில் நாம் ஓயாமல் மோதிக்கொள்வதும் இதில்தான்.

முதலில் விவரங்கள். 1968ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில், ஆஸ்டன் என்ற தொழிலாளர் வட்டாரத்து இளைஞர்கள் நால்வர் தொடங்கிய குழு இது. டோனி அயோமி கிதார், கீஸர் பட்லர் பாஸ் கிதார், பில் வார்ட் டிரம்ஸ், ஆஸ்பார்ன் பாட்டு. 1970லிருந்து 2013 வரை ஸ்டூடியோவில் பதிவாகி வெளிவந்த ஆல்பங்கள் 19. ஆஸ்பார்ன் பாடியவை 9. டியோ பாடியவை 3. இயன் கில்லனும் கிளென் ஹியூஸும் ஆளுக்கொன்று. டோனி மார்ட்டின் என்பவர் 5. பத்தொன்பதிலும் இருப்பவர் அயோமி ஒருவர்தான்.

ஆனால் எந்த ரசிகரும் அயோமி காலம் என்று சொல்வதில்லை. ராஜாக்களின் பெயரால் சரித்திரம் எழுதுவது போல, காலங்களுக்குப் பாடகர்களின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். இந்தப் பிரிவினையிலேயே பாதித் தீர்ப்பு ஒளிந்திருக்கிறது.

அயோமி பதினேழு வயதில் உலோகத் தகடு செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வேலையை விட்டு நிற்கப்போகும் கடைசி நாளில் வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளும் யந்திரத்தில் போயின. அவர் இடக்கையால் வாசிப்பவர். தந்திகளை அழுத்த வேண்டியது அந்த வலக்கைதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். 1971ல் மூன்றாவது ஆல்பத்தில் கிதாரின் சுருதியை மூன்று அரைஸ்வரங்கள் கீழே இறக்கினார். தந்தி தளர்ந்து விரலுக்கு இதமாயிற்று, நாதம் கனத்தது. வலிக்குக் கண்ட உபாயம் பின்னால் வந்த எத்தனையோ குழுக்களுக்கு இலக்கணமாயிற்று. இந்தச் சங்கீதத்தின் சரித்திரம் முதலில் ஒரு கையின் சரித்திரம். குரல்கள் அதன்மேல் வந்து போனவை.

வந்து போனவை என்பதால் அவை எதையும் மாற்றவில்லை என்று சொல்ல வரவில்லை. 1970ல் வந்த முதல் ஆல்பம் ஒரே நாளில் பதிவானது. அதன் முதல் பாட்டு நிற்பது மூன்றே ஸ்வரங்களில்: ஸட்ஜம், மேல் ஸட்ஜம், பிறகு பிரதி மத்யமம். அந்த மத்யமம் எங்கும் போய்ச் சேராமல் அந்தரத்தில் நடுங்குகிறது. ஆஸ்பார்னின் குரல் வீச்சுக் குறைந்தது. பல பாட்டுகளில் அது கிதார் போன வழியிலேயே நடக்கிறது. சொற்களும் பெரும்பாலும் அவருடையவை அல்ல, பட்லர் எழுதியவை. டியோ தன் சொற்களைத் தானே எழுதினார். அவர் குரல் கிதாரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அதற்கு இடம் விட அயோமி தன் வாசிப்பையே மாற்ற வேண்டியிருந்தது. 1980ல் வந்த 'ஹெவன் அண்ட் ஹெல்' அப்படிப் பிறந்த ஆல்பம். தேர்ச்சி என்று பார்த்தால் அதற்கு இணையாக ஆஸ்பார்ன் காலத்தில் ஒன்றும் கிடையாது.

இருந்தும் 1970க்கும் 1975க்கும் இடையில் வந்த முதல் ஆறு ஆல்பங்களே எனக்கு மேலானவை. அவை முதலில் வந்தன என்பது காரணமல்ல. அங்கே இல்லாமைகளெல்லாம் உருவமாகிவிடுகின்றன: நுனி போன விரல், வீச்சில்லாத குரல், ஒரே நாள் அவகாசம். டியோ வந்த பிறகு எதற்கும் பஞ்சமில்லை. பஞ்சமில்லாத இடத்தில் தேடலும் சற்றே தணிந்துவிடுகிறது. இது கேட்டு வந்த முடிவு. கேட்டே இதை மறுக்கவும் முடியும்.

என் பிரச்னை, ஊரறிந்த தீர்ப்பு அப்படி வந்ததல்ல என்பது. 1986ல் அயோமி தனி ஆல்பமாக நினைத்துச் செய்ததை ரிகார்டு கம்பெனி வற்புறுத்தி பிளாக் ஸாபத் பெயரில் வெளியிட வைத்தது. 2006ல் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் கௌரவ மண்டபம் முதல் நால்வரை மட்டும் ஏற்றுக்கொண்டது, டியோ வெளியே. அயோமியும் பட்லரும் டியோவோடு மறுபடி சேர்ந்து வாசித்தபோது அதற்கு பிளாக் ஸாபத் என்று பெயர் வைக்கவில்லை. 'ஹெவன் அண்ட் ஹெல்' என்ற வேறு பெயரில்தான் 2010 மே மாதம் டியோ சாகும்வரை அந்தக் குழு நடந்தது. நடுவில், 2009ல், பெயரின் உரிமைக்காக ஆஸ்பார்ன் அயோமிமேல் வழக்குப் போட்டு, அடுத்த வருஷம் சமரசமாயிற்று. ஆக, வியாபாரத்துக்கு வேண்டியபோது பெயர் ஒட்டப்பட்டது, வேண்டாதபோது உரிக்கப்பட்டது. பெயரே ஒரு கட்சியில் சேர்ந்துவிட்ட பிறகு விவாதத்தில் நியாயம் எங்கே?

ஆதிதான் அளவுகோல் என்பவர்களும் அதை ஒழுங்காகப் பிடிப்பதில்லை. 2013ல் வந்த '13' ஆல்பத்திலும் 2017 பிப்ரவரியில் பர்மிங்ஹாமில் நடந்த விடைபெறும் கச்சேரியிலும் பில் வார்ட் இல்லை. மூலக் குழு திரும்பிவிட்டது என்று அதையும் கொண்டாடினார்கள். டிரம்ஸ்காரர் போனால் காலம் மாறாது, பாடகர் போனால் மாறிவிடும் என்பது என்ன கணக்கு?

டோனி மார்ட்டின் விஷயம் இன்னும் மோசம். எண்ணிக்கையில் இரண்டாமவர் அவர்தான். 1989க்கும் 1995க்கும் இடையில் அவர் பாடிய நான்கு ஆல்பங்கள் வெகுகாலம் கடைகளில் கிடைக்கவில்லை. 2024ல்தான் ஒரே பெட்டியாக மறுபடி வந்தன. அதுவரை அவற்றை மட்டம் என்றவர்களில் எத்தனை பேர் கேட்டுவிட்டுச் சொன்னார்கள்? அச்சில் இல்லாத புத்தகத்தைப் பற்றி அபிப்பிராயம் வைத்திருப்பது நமக்கும் பழக்கமான காரியம்தான்.

2025 ஜூலை 5ல் பர்மிங்ஹாமின் வில்லா பார்க் மைதானத்தில் மூல நால்வரும் ஒன்றாக வாசித்தார்கள். ஆஸ்பார்ன் சிம்மாசனம் போன்ற நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடினார். பதினேழாம் நாள் இறந்துபோனார். அதோடு விவாதம் முடிந்ததாகப் பலர் எழுதிவிட்டார்கள். எனக்கும் அந்தச் சாவில் துக்கம் உண்டு. ஆனால் இரங்கல் விமர்சனமாகாது. பத்தொன்பது ஆல்பங்களும் இப்போது கேட்கக் கிடைக்கின்றன. ரசிகர்கள் தங்கள் சண்டையை இனிமேல்தான் சரியாக ஆரம்பிக்க வேண்டும்.