பாதித் தெரு

போன மாதம் ஆம்ஸ்டர்டாமில் நண்பர் ஒருவர் வீடு மாறினார். நான்காவது மாடி. படிக்கட்டோ நம்மூர்க் கோபுரத்துக்குள் ஏறுகிற படி மாதிரி. பீரோவை எப்படி ஏற்றுவார்கள் என்று நான் கவலைப்பட்டுக் கொண்டிருக்க, வந்த ஆட்கள் வீட்டு உச்சியில் நீட்டிக்கொண்டிருந்த மரத்தில் கப்பியை மாட்டி, கயிறு கட்டி, ஜன்னல் வழியாக உள்ளே இழுத்துவிட்டார்கள். பதினேழாம் நூற்றாண்டில் கால்வாய்ப் படகில் வந்த மூட்டைகளும் இப்படித்தான் மேல்மாடிக் கிடங்குக்கு ஏறின. அவற்றில் மிளகும் உண்டு. எனக்கு உடனே மட்டாஞ்சேரி ஞாபகம் வந்துவிட்டது.

எனக்குச் சொந்த ஊர் போடிநாயக்கனூர். அப்பா ஓர் ஏலக்காய் மண்டியில் கணக்கெழுதினார். முதலாளி வேலையாக அவ்வப்போது கொச்சிக்குப் போவார். ஆறாம் வகுப்பு லீவில் என்னையும் கூட்டிப் போனார். போடிமெட்டு, மூணாறு வழியாக பஸ். (வழியெல்லாம் வாந்தி எடுத்த கதை இங்கே வேண்டாம் :) ) எர்ணாகுளத்திலிருந்து படகில் மட்டாஞ்சேரி. பஜார் ரோடு என்றதும் மதுரை மாசி வீதி மாதிரி ஒன்றை மனசுக்குள் வைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் ஒரு சந்து! இரண்டு பக்கமும் ஓட்டுக்கூரைக் கட்டடங்கள், நடுவில் மூட்டைத் தலைகள்.

"இவ்வளவு பெரிய வியாபாரத்துக்கு இத்தனூண்டு தெருவாப்பா?" என்று கேட்டேன்.

"சரக்கு இந்தப் பக்கமா வராதுடா" என்று சொல்லி, தெரிந்த ஒருவரின் கிடங்குக்குள் கூட்டிப் போனார். முன்னால் கணக்குப்பிள்ளை உட்காரும் அறை. அதைத் தாண்டினால் சுக்கு காயும் முற்றம். அதையும் தாண்டினால் கிடங்கு. கிடங்கின் பின்கதவைத் திறந்தால்... காயல்! படியில் வள்ளம் கட்டிக் கிடந்தது.

அந்தப் பின்கதவுதான் மட்டாஞ்சேரியின் வரலாறு என்று இப்போது தோன்றுகிறது.

1341-ல் பெரியாற்றில் வந்த வெள்ளத்தில் கொடுங்கல்லூர்த் துறை தூர்ந்து, கொச்சியில் புதிய முகத்துவாரம் திறந்தது என்று சொல்வார்கள். மட்டாஞ்சேரியில் இன்றும் ஒரு பகுதிக்குக் கொச்சங்காடி என்று பெயர். மதுரைக்காஞ்சியின் நாளங்காடி, அல்லங்காடியில் வரும் அதே அங்காடிதான். போர்ச்சுகீசியர் 1500-ல் வந்து, பிறகு கோட்டை கட்டியது கடல் பக்கம், இன்றைய ஃபோர்ட் கொச்சியில். 1663-ல் டச்சுக்காரர்களும் 1795-ல் ஆங்கிலேயரும் அதைப் பிடித்தார்கள். கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. சந்தை மட்டும் மட்டாஞ்சேரியிலேயே இருந்தது. கொங்கணியர், குஜராத்திகள், கட்ச் முஸ்லிம்கள், யூதர்கள், தமிழர்கள் என்று எல்லோரும் நெருக்கியடித்து நடந்த இடம். யூதர் தெருவில் 1568-ல் கட்டிய ஜெபாலயத்துக்குப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு மணிக்கூண்டு வைத்தார்கள். அதன் முகங்களில் ரோமன், ஹீப்ரு, மலையாளம் என்று வேறு வேறு எண்கள். கீழே நடப்பவர்கள் எத்தனை விதம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இப்போது ஆம்ஸ்டர்டாமுக்கு வருகிறேன். இங்கே முதலில் தண்ணீர், அடுத்து தெரு, அப்புறம் வீடு. சரக்கு தெருவைக் கடந்துதான் வீட்டுக்குள் போக வேண்டும். மட்டாஞ்சேரியில் முதலில் தண்ணீர், அடுத்து கிடங்கு, கடைசியில் தெரு. கனமான வேலையைத் தண்ணீர் பார்த்துக்கொண்டது. மனிதர்கள் வரவும், விலை பேசவும், கைவண்டி போகவும் மட்டும்தான் தெரு. அது குறுகலாக இருப்பது திட்டமிடாததால் வந்த குறை இல்லை. அது பாதித் தெரு. மீதிப் பாதி காயல்.

இந்தக் கணக்கு மாறியது இருபதாம் நூற்றாண்டில். அதுவரை பெரிய கப்பல்கள் வெளிக்கடலிலேயே நிற்கும்; சரக்கைப் படகில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். 1920-ல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் வந்து முகத்துவார மணல்திட்டை வெட்ட ஆரம்பித்தார். 1928-ல் கப்பல்கள் உள்ளே வந்தன. தோண்டிய மண்ணில் வெலிங்டன் தீவு எழுந்தது. பாலங்களும் வந்தன. பாலம் வந்தால் லாரி வரும், இல்லையா? பின்கதவுக்கு வந்துகொண்டிருந்த பாரம் மெல்ல மெல்ல முன்வாசலுக்கு வந்து சேர்ந்தது.

அந்தத் தெருவில் நடந்தவர்களில் பெரும்பாலோர் சுமை தூக்கிகள். அவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க முடியாது. துறைமுக வேலைக்கு அப்போது சாப்பா என்றொரு முறை இருந்தது. காலையில் தொழிலாளர்கள் கூடி நிற்பார்கள். கங்காணி உலோக வில்லைகளைக் கூட்டத்துக்குள் எறிவான். விழுந்து புரண்டு, அடித்துப் பிடித்து யார் எடுக்கிறாரோ அவருக்கு அன்றைக்கு வேலை. மற்றவர் வீட்டில் அடுப்பு எரியாது. இதை ஒழிக்கக் கேட்டுப் போராடியவர்கள் மீது 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டதில் மூன்று பேர் இறந்தார்கள். 2023-ல் வெளிவந்த 'துறமுகம்' படம் இந்தக் கதைதான். பார்க்காதவர்கள் பாருங்கள்.

சில வருஷம் முன்பு அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். யூதர் தெருவில் சுகமாக நடந்தோம். 1948-க்குப் பிறகு யூதக் குடும்பங்கள் பெரும்பாலும் இஸ்ரேலுக்குப் போய்விட, மசாலாக் கடைகள் இருந்த இடமெல்லாம் இன்று பழம்பொருள் கடைகள். 1957-ல் தொடங்கிய மிளகு வணிகர் சங்கமும் அங்கேதான். ஒரு காலத்தில் கூவிக் கூவி விலை வைத்த இடம். பிறகு அதுவும் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது.

அங்கிருந்து பஜார் ரோட்டுக்குத் திரும்பினால் கதையே வேறு. எதிரும் புதிருமாக இரண்டு லாரி. அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டு, நகரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தார். தலையில் மூட்டையோடு வந்த ஒருவர் லாரி முன்னால் கையை நீட்டி நின்றார். "அம்மே, பொய்க்கோ" என்றார். அம்மா தாண்டும் வரை நகரவில்லை. மூட்டை தலையிலேயே இருந்தது.

இந்தத் தெருவை எப்படிச் சரிசெய்வது? அகலப்படுத்தலாம் என்பார்கள். அகலப்படுத்தினால் இடிபடுவது அந்தக் கிடங்குகள். அவை போனால் அது மட்டாஞ்சேரியே இல்லை. 2019-ல் பாண்டி பஜாரில் செய்தது போல நடைபாதை அமைக்கலாம். ஆனால் அங்கே தெருவில் அகலம் இருந்தது. வருகிறவர்கள் வாங்க வருகிறவர்கள். இங்கே தெருவே வேலைத்தளம். லாரியை அடியோடு நிறுத்தினால் சுமை தூக்கி எங்கே போவார்? கிடங்கெல்லாம் ஓட்டலும் ஓவியக் கூடமுமாக ஆகிவிட்டால் தெரு அழகாகத்தான் இருக்கும்; அம்மாவுக்காகக் கை நீட்ட ஆள் இருக்காது. (2012 முதல் நடக்கும் பினாலே கலைவிழாவால் பல கிடங்குகள் பிழைத்தன என்பதையும் மறுக்கவில்லை.)

இந்த ஊரிலும் 1970 வாக்கில் கார்கள்தான் ராஜா. 1971-ல் மட்டும் நாடு முழுக்கச் சாலை விபத்தில் 3,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகே நிலைமை மாறியது. இப்போது பல கடைவீதிகளில் காலையில் குறிப்பிட்ட நேரத்துக்குள் சரக்கை இறக்கிவிட வேண்டும். அப்புறம் தெரு நடப்பவர்களுக்கு. மட்டாஞ்சேரிக்கு இது ஒத்துவரும். அதோடு மீதிப் பாதியையும் திருப்பித் தர வேண்டும். 2023-ல் ஓடத் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோ 2025-ல் மட்டாஞ்சேரிக்கும் வந்துவிட்டது. மனிதர்கள் மறுபடியும் தண்ணீர் வழியே வருகிறார்கள். கொஞ்சம் மூட்டைகளும் அப்படி வரட்டுமே? பின்கதவுகள் பல இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன.

அப்பா இப்போது இல்லை. மகள் பள்ளிக்கூடத்துக்கு "தண்ணீர்-தெரு-வீடு, தண்ணீர்-கிடங்கு-தெரு" என்று இரண்டு படம் வரைந்து கொண்டுபோனாள். டீச்சர் இரண்டாவதைப் பார்த்துவிட்டு, "நடப்பவர்கள் எங்கே?" என்று கேட்டாராம். தலையில் மூட்டையோடு ஓர் ஆளை வரைந்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

உங்கள் ஊரிலும் இப்படிப் பின்கதவை மறந்துபோன கடைத்தெரு இருக்கும். இருந்தால் சொல்லுங்கள்.