யாக்கியூ: ஜப்பானிய பேஸ்பால்

ஜப்பானில் பேஸ்பாலுக்கு ‘யாக்கியூ’ என்று பெயர். ‘யா’ என்றால் வெளி, ‘கியூ’ என்றால் பந்து. 1894-இல் சூமா கனாயே இந்தப் பெயரைச் சூட்டியபோது ஆட்டம் அங்கே வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

1872-இல் டோக்கியோவில் ஆசிரியராக இருந்த அமெரிக்கர் ஹோரஸ் வில்சன் தம் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததே தொடக்கம். அமெரிக்காவில் படித்துத் திரும்பிய ரயில்வே பொறியாளர் ஹிராவோக்கா ஹிரோஷி 1878-இல் ஷிம்பாஷியில் குழு அமைத்தார் என்றாலும், ஆட்டம் வளர்ந்தது பள்ளி மைதானங்களில்தான். 1896-இல் டோக்கியோவின் ‘இச்சிகோ’ பள்ளி மாணவர்கள் யோக்கோஹாமாவில் வெளிநாட்டவர் கிளப்பை 29-4 என்று தோற்கடித்தார்கள். கற்றுக்கொடுத்தவர்களையே வென்ற அந்தப் பிள்ளைகளை நாடே கொண்டாடியது. ஹைக்கூ கவிஞர் மசாவோக்கா ஷிக்கியும் மாணவப் பருவத்தில் இந்த ஆட்டத்தில் பித்தாக இருந்தவர். அடிப்பவர், ஓடுபவர் போன்றோருக்கு ஜப்பானியச் சொற்களைத் தந்தார்.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. பேஸ்பால் மாணவர்களைக் கெடுக்கிறது என்று 1911-இல் தொடர் கட்டுரைகள் வெளியிட்டது ஆசாஹி நாளிதழ். நான்கே ஆண்டுகளில், 1915-இல், தேசிய அளவிலான பள்ளிப் போட்டியைத் தொடங்கியதும் அதே ஆசாஹிதான்! 1924-இல் திறக்கப்பட்ட கோஷியன் மைதானத்தின் பெயராலேயே இன்று அந்தப் போட்டி அழைக்கப்படுகிறது. ஆகஸ்ட் வெயிலில் நடக்கும் ஆட்டங்கள் சைரன் ஒலியோடு தொடங்கிச் சைரன் ஒலியோடு முடியும். தோற்ற அணியின் பையன்கள் மண்டியிட்டு, மைதானத்தின் கரிய மண்ணை அழுதபடியே பையில் அள்ளிக்கொண்டு ஊர் திரும்புவார்கள்.

தொழில்முறை ஆட்டம் பிந்தி வந்தது. 1934-இல் பேப் ரூத் உள்ளிட்ட அமெரிக்க நட்சத்திரங்கள் சுற்றுப்பயணம் வந்தபோது, ஷிசுவோக்காவில் 17 வயது சவாமுரா ஏய்ஜி, ரூத்தும் லூ கெரிக்கும் அடங்கிய நால்வரை அடுத்தடுத்து வீழ்த்தினார். கெரிக்கின் ஒரே ஹோம் ரன்னால் ஆட்டம் 1-0 என்று கைவிட்டுப் போனது. ஆனாலும் பெயர் சவாமுராவுக்குத்தான். அந்த ஆண்டு இறுதியில் உருவான அணியே இன்றைய யோமியூரி ஜயண்ட்ஸ். 1936-இல் லீக் தொடங்கியது. போர்க்காலத்தில் ஆங்கிலச் சொற்கள் விலக்கப்பட்டு, ‘ஸ்ட்ரைக்’ என்பதற்கு நடுவர்கள் ‘யோஷி’ என்றார்கள். சவாமுரா 1944-இல் போரில் இறந்தார். சிறந்த பந்து வீச்சாளருக்கான விருது இன்று அவர் பெயரில் இருக்கிறது.

1950 முதல் சென்ட்ரல், பசிபிக் என இரண்டு லீக்குகள். இன்று தலா 6 அணிகள். ஓ சதஹாரு ஜயண்ட்ஸுக்காக அடித்த 868 ஹோம் ரன்கள் ஜப்பானியச் சாதனை. ஆனால் 1957-இல், கோஷியனில் வசந்தகாலத்தில் நடக்கும் இன்னொரு பள்ளிப் போட்டியில் தம் பள்ளிக்குக் கோப்பை வாங்கித் தந்தபோது, அவர் கையில் இருந்தது மட்டையைவிடப் பந்துதான்: விரலில் கொப்புளம் உடைந்து ரத்தம் கசியக் கசிய வீசினார்.