எந்த மேடையில் பாடுவது: சிகாகோவின் கோஸ்பல் பாடகர்களும் குடிமை உரிமைப் போராட்டமும்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டத்தைப் பற்றி எழுதுவோர் பலர் திருச்சபையையும் அதன் பாடலையும் ஒரே மூச்சில் குறிப்பிட்டுவிட்டு, சபை பாடியது, மக்கள் அணிவகுத்தார்கள் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் அந்தப் பாடலுக்குக் குரல் கொடுத்தவர்களில் பலர் இசைத்தட்டு ஒப்பந்தத்தையும் ஊர் ஊராகச் செய்யும் கச்சேரிகளையும் நம்பிப் பிழைத்தவர்கள். எந்த மேடையில் ஏறுவது, எதில் ஏற மறுப்பது என்று ஒவ்வொருவரும் தாமே முடிவெடுக்க வேண்டியிருந்தது. அந்த முடிவுகளில்தான் அவர்களுடைய அரசியல் இருந்தது, அவற்றை அவர்கள் எடுத்ததும் தம் விசுவாசத்தின் உள்ளே நின்றுதான்.

கோஸ்பல் எனப்படும் நற்செய்திப் பாடல், அடிமைக் காலத்தில் பிறந்த ஸ்பிரிச்சுவல் என்னும் பக்திப் பாடலிலிருந்து வேறுபட்டது. எகிப்தில் சிறைப்பட்ட இஸ்ரவேலரின் கதையில் தம் கதையைக் கண்ட அடிமைகள் தோட்டங்களில் பாடியது ஸ்பிரிச்சுவல். தென் மாநிலங்களின் நிறவெறியிலிருந்து தப்பி வடக்கின் தொழில் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தவர்கள் பியானோவும் கைத்தட்டலும் சேர்த்து உருவாக்கியது கோஸ்பல். இதற்கு வடிவம் தந்தவர்களில் முதன்மையானவர் தாமஸ் டார்சி. ஜார்ஜியாவில் 1899-இல் பாப்டிஸ்ட் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்து, ப்ளூஸ் என்னும் உலகியல் பாடலைப் பாடிய மா ரெய்னி போன்றோருக்குப் பியானோ வாசித்து, 1928-இல் இரட்டை அர்த்தப் பாட்டு ஒன்றால் பெரும்புகழ் பெற்றிருந்த அவர், 1932-இல் தம் மனைவியைப் பிரசவத்திலும், பிறந்த குழந்தையை அதற்கு அடுத்தும் பறிகொடுத்த துயரத்தில், தம் கையைப் பற்றி நடத்துமாறு ஆண்டவரை வேண்டும் 'டேக் மை ஹேண்ட், ப்ரெஷியஸ் லார்ட்' என்னும் பாடலை எழுதினார். மதுக்கூடத்தின் தாளத்தை ஆலயத்துக்குள் கொண்டுவருகிறார் என்று சிகாகோவின் படித்த சபையார் முதலில் முகம் சுளித்தனர். ஆயினும் தெற்கிலிருந்து புதிதாக வந்த ஏழைகளுக்கு அது சொந்த ஊரின் குரலாகவே கேட்டது.

அந்த ஏழைகளுள் ஒருவர் மஹாலியா ஜாக்சன். நியூ ஆர்லியன்ஸில் 1911-இல் பிறந்து, சிறு வயதிலேயே தாயை இழந்து, 1920-களின் இறுதியில் சிகாகோ வந்து வீட்டு வேலையும் சலவை வேலையும் செய்த அவரிடம், ப்ளூஸ் பாடினால் பணம் கொட்டும் என்று சொன்னவர்கள் ஏராளம். அவர் கடைசி வரை மறுத்தார். கேளிக்கை விடுதிகளில் பாடாத அந்த மறுப்பைக் குறுகிய பக்தி என்று சிலர் எழுதியிருப்பது சரியான மதிப்பீடு அன்று. விலைக்கு வாங்க முடியாத குரல் என்ற நம்பிக்கையை மக்களிடம் அவருக்குப் பெற்றுத் தந்ததும், பின்னாளில் அவர் ஒரு போராட்டத்தின் பக்கம் நின்றபோது அதற்கு எடை சேர்த்ததும் அந்த மறுப்பே. அவருக்கு நாடளாவிய புகழ் தந்த 'மூவ் ஆன் அப் எ லிட்டில் ஹையர்' 1947-இல் பதிவானது. மேலுக்கு அது பரலோகம் ஏறும் ஆத்துமாவின் பாடல். அதை எழுதிய மெம்பிஸ் போதகர் ஹெர்பர்ட் புரூஸ்டரோ, வெளிப்படையாகச் சொல்ல முடியாத காலத்தில் கறுப்பின மக்களின் சமூக முன்னேற்றத்தையே அதில் மறைத்து வைத்ததாகப் பிற்காலத்தில் விளக்கினார்.

அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில், பேருந்துகளில் கறுப்பினத்தவரைப் பின் இருக்கைகளுக்குத் தள்ளும் வழக்கத்தை எதிர்த்து 381 நாள் நடந்த புறக்கணிப்பு முடிவடையும் தறுவாயில், 1956 டிசம்பரில், மஹாலியா அங்கு சென்று பாடினார். போதகர் ரால்ப் அபர்நாதியின் வீட்டில்தான் தங்கினார். சில வாரங்களில் அந்த வீட்டின் மீது குண்டு வீசப்பட்டது. சிகாகோவிலும் மஹாலியாவுக்கு நிம்மதி இருக்கவில்லை: வெள்ளையர் வாழ்ந்த சாத்தம் பகுதியில் அவர் வீடு வாங்கியபோது ஜன்னல்களைத் துப்பாக்கிக் குண்டுகள் துளைத்தன, காவலர்கள் வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் சுமார் இரண்டரை லட்சம் பேர் முன்னிலையில், ஏச்சும் இகழ்ச்சியும் பட்டதைச் சொல்லும் பழைய ஸ்பிரிச்சுவல் ஒன்றை அவர் பாடினார். பின்பு மார்ட்டின் லூதர் கிங் எழுதி வைத்த உரையை வாசித்துக்கொண்டிருந்தபோது, கனவைப் பற்றிச் சொல்லுமாறு மஹாலியா பின்னாலிருந்து குரல் எழுப்பினார் என்றும், கிங் தாளை ஒதுக்கிவிட்டுப் பிரசங்கத்துக்கு மாறினார் என்றும் அருகிலிருந்தவர்கள் பதிவு செய்துள்ளனர். பிரசங்கியாரை நடுவில் கூவி ஊக்கப்படுத்துவது கறுப்பினச் சபைகளின் அன்றாட வழக்கம். அன்று அந்த வழக்கம் ஒரு நாட்டின் அரசியல் மேடையில் செயல்பட்டது.

இதே விசுவாசம் எல்லோரையும் ஒரே பக்கம் கொண்டு சேர்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தேசிய பாப்டிஸ்ட் பேரவையின் தலைவரும் சிகாகோவின் ஒலிவெட் சபைப் போதகருமான ஜோசப் ஜாக்சன், சட்டத்தை மீறும் போராட்டமுறையைக் கடுமையாக எதிர்த்தார். 1961-இல் கிங்கின் ஆதரவாளர்கள் பிரிந்து முற்போக்கு பாப்டிஸ்ட் பேரவையைத் தொடங்கினர். பின்னாளில் ஆலயம் நின்ற சாலைக்குக் கிங்கின் பெயர் சூட்டப்பட்டபோது, ஜாக்சன் ஆலயத்தின் முகவரியையே பக்கத்துத் தெருவுக்கு மாற்றிக்கொண்டார். மஹாலியாவின் பாட்டு வாழ்வு வளர்ந்ததோ அந்தத் தேசியப் பேரவையின் மாநாட்டு மேடைகளில்தான்; அப்போதைய சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலியும் அவருக்கு நண்பர். இருந்தும் 1966-இல் கிங் அதே நகரின் குடியிருப்புப் பாகுபாட்டை எதிர்த்துக் கூட்டிய சோல்ஜர் ஃபீல்டு மைதானப் பேரணியில் மஹாலியா பாடினார்.

ரோபக் ஸ்டேப்பிள்ஸ் வந்த வழி வேறு. பாப்ஸ் என்று அழைக்கப்பட்ட அவர் மிசிசிப்பியில் 1914-இல் பிறந்தவர். டாக்கரி என்னும் பருத்தித் தோட்டத்தில் ப்ளூஸ் கலைஞர் சார்லி பேட்டனின் கிதாரைக் கேட்டு வளர்ந்தவர். சிகாகோவின் இறைச்சிக் கூடங்களில் உழைத்தபடியே தம் பிள்ளைகளைக் கூட்டி ஆலயங்களில் பாடவைத்தார். ஒலியை நடுங்கவைக்கும் டிரெமலோ என்னும் மின்கருவியோடு இசைத்த அவருடைய கிதாரில் தோட்டத்து ப்ளூஸும் பக்தியும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. மாண்ட்கோமரியில் கிங்கின் பிரசங்கத்தைக் கேட்டுத் திரும்பிய அவர், இந்த மனிதர் பிரசங்கிப்பதை நம்மால் பாட முடியும் என்று பிள்ளைகளிடம் சொன்னதாக அவர் மகள் மேவிஸ் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். லிட்டில் ராக் நகரப் பள்ளியில் 1957-இல் தடுக்கப்பட்ட ஒன்பது கறுப்பின மாணவர்களை எண்ணிப் பாப்ஸ் எழுதிய பாடலைக் கிங் விரும்பிக் கேட்பதுண்டு. 1965 மார்ச் மாதம் செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிக்கு நடந்த வாக்குரிமைப் பேரணியை வைத்து எழுதிய 'ஃப்ரீடம் ஹைவே' அடுத்த மாதமே சிகாகோ ஆலயம் ஒன்றில் சபையார் முன்னிலையில் பதிவாயிற்று; ஆராதனைக்கும் அரசியல் கூட்டத்துக்கும் இடையில் கோடு கிழிக்க அந்தப் பதிவைக் கேட்பவரால் இயலாது.

பாடகி அரேத்தா பிராங்க்ளின் எடுத்த முடிவு வீட்டுக்குள்ளேயே எதிர்ப்பைச் சந்தித்தது. அவருடைய தந்தை சி. எல். பிராங்க்ளின் டெட்ராய்ட்டின் பெயர்பெற்ற பாப்டிஸ்ட் போதகர், 1963 ஜூனில் அந்நகரில் கிங் கலந்துகொண்ட மாபெரும் நடைப்பயணத்தை ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர். ஆனால் கம்யூனிஸ்ட்டான ஏஞ்சலா டேவிஸ் 1970-இல் சிறைப்பட்டபோது ஜாமீன் பணம் கட்டத் தயார் என்று மகள் அறிவித்ததை அவர் ஏற்கவில்லை. தந்தைக்குரிய மரியாதையை விட்டுக்கொடுக்காமலே தம் முடிவில் நின்ற அரேத்தா, தம்மிடம் பணம் வந்தது கறுப்பின மக்களிடமிருந்தே என்று காரணமும் சொன்னார். கம்யூனிஸ்ட் ஒருவருக்காகப் போதகரின் மகள் முன்வந்தது விசுவாசக் குறைவால் அன்று என்பதற்கு, 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் ஆலயத்தில் இரண்டு இரவுகள் அவர் பாடிப் பதிவுசெய்த 'அமேசிங் கிரேஸ்' சான்று. அதே மாதம் 27 அன்று மஹாலியா மறைந்தார். இறுதிச் சடங்கில் டார்சியின் பாடலைப் பாடியவர் அரேத்தா.

அந்த ஆண்டே ஸ்டேப்பிள்ஸ் குடும்பத்தின் 'ஐ வில் டேக் யூ தேர்' வெகுசன இசைப் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியபோது, நடன அரங்குகளில் ஒலிக்கும் பாட்டைப் பாடியவர்கள் கோஸ்பலைக் கைவிட்டுவிட்டார்கள் என்று சபையார் சிலர் குற்றம் சாட்டினர். கோஸ்பல் பாடகர் சாம் குக் 1957-இல் காதல் பாடல்களுக்கு மாறியபோது எழுந்த குற்றச்சாட்டும் இதுவே. அழுகையும் பொய்யும் இல்லாத ஓர் இடத்துக்கு மக்களை அழைத்துச் செல்வதாகச் சொல்லும் பாடல் பரலோகத்தையன்றி வேறெதைச் சொல்கிறது என்று மேவிஸ் திருப்பிக் கேட்டார். பாப்ஸ் 2000-இல் காலமான பிறகும் மேவிஸ் பாடுவதை நிறுத்தவில்லை. போராட்டக் காலத்து விடுதலைப் பாடல்களை மறுபடி எடுத்து 2007-இல் 'வீ வில் நெவர் டர்ன் பேக்' என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டார்.